முந்நூற்றுப் பதினைந்து

கருவி விற்கும் கடையில் ஓர் ஆசாரி எதைப் பற்றியும் கேட்பதில்லை. காரைக்குடியில் இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. மீறியவர் என்று எவர் பெயரும் நினைவில் இல்லை. கடைக்குள் வந்த ஆசாரி உளியைக் கையில் எடுப்பார், ஒரு கண்ணை மூடிக்கொண்டு அதன் விளிம்பில் பார்வையை ஓட்டுவார், நகத்தால் ஒரு தட்டுத் தட்டி ஓசை கேட்பார். பிறகு எடுத்துக்கொள்வார், அல்லது வைத்துவிடுவார். இது எதற்கு, இது எப்படி என்ற சொற்கள் அவர் வாயிலிருந்து வரா. கருவியை அறியாதவன் ஆசாரியல்லன். ஆகவே கேட்பது அவருக்கு அவமானம். கேளாமலே எடுத்துச் சொல்வது, நீ அறியாதவன் என்று முகத்துக்கு நேரே சொல்வது. ஆகவே கடைக்காரருக்கும் வாய் திறக்க வழியில்லை. செக்காலை ரோட்டில் இரும்புக்கடை வைத்திருந்த குமரப்பன் செட்டியார், பேச்சு ஒரு கேள்வியை நோக்கிச் சரிவதைக் கண்டால், “ஒங்களுக்குத் தெரியாததா, ஆசாரியாரே” என்று ஒரு வார்த்தை சொல்லித் தாங்கிப் பிடித்துவிடுவார். அந்த ஒரு வார்த்தையில் இரு தரப்பின் மானமும் பல வருடங்களாகக் காப்பாற்றப்பட்டு வந்தது.

உளியும் வாய்ச்சியும் இழைப்புளித் தகடும் விற்ற காலம்வரை இந்த வழக்கத்தால் எவருக்கும் குறை நேரவில்லை. எழுபத்திரண்டாம் வருடத்துத் தை மாதம், பம்பாய்க் கம்பெனி ஒன்றின் மின்சாரக் கருவிகள் குமரப்பன் கடையில் வந்து இறங்கின. அப்போதும் வழக்கம் அப்படியே இருந்தது.

அதே தை மாதத்தில்தான் அரசப்பன் ஆசாரி ஒக்கூரில் ஒரு வீட்டுக்குக் கைமரம் ஏற்றும்போது சாரத்திலிருந்து விழுந்தார். விழுந்த உயரம் பெரிதன்று. வலது தோள் மட்டும் கீழே கிடந்த செங்கல் அடுக்கில் மோதியது. கட்டுப் போட்டு, எண்ணெய் தடவி, ஒரு மாதத்தில் கை பழையபடி தூக்க வந்தது. ரம்பம் இழுக்க முடிந்தது. கொட்டாப்புளியால் உளியை அடிக்க முடிந்தது. இழைப்புளியைத்தான் தள்ள முடியவில்லை. அந்தக் கருவிக்கு மணிக்கட்டும் முழங்கையும் போதா. தோளே பலகையின்மேல் சாய்ந்து முன்னே போக வேண்டும். நான்கு முறை தள்ளினால் ஐந்தாம் முறை கை தானாக நின்றுவிடும். மரம் அறிந்த மனிதர் ஆகையால் அது வலி அல்ல, முறிவு என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

தோள் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையில் அவர் ஒப்புக்கொண்ட வேலையொன்று பங்குனியில் வந்து வாசலை அடைத்தது. ஒக்கூரில் புதிதாகக் கட்டியிருந்த பள்ளிக்கூடத்துக்கு அறுபது பெஞ்சு. வாகை மரம் மில்லில் அறுபட்டுப் பலகைகளாகப் பின்கட்டுக் கொட்டகையில் ஆளுயரத்துக்கு அடுக்கியிருந்தது. ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும். அதற்குள் அத்தனை பலகையும் இழைபட்டாக வேண்டும்.

கூலிக்கு இரண்டு ஆள் வைத்துக்கொள்ளலாமே என்று மனைவி ராமுத்தாய் சொல்லிப் பார்த்தாள். பிள்ளைகள் இருவரும் அவளுடைய தாய்வீட்டில் தங்கிப் படித்ததால் வீட்டில் பேச ஆள் அவர்கள் இருவர்தாம். இரவுதோறும் அந்தத் தோளில் நல்லெண்ணெயைச் சூடாக்கித் தேய்ப்பவள் என்ற முறையில் உண்மை அறிந்த ஒரே ஆளும் அவள்தான்.

“வர்ற ஆளு ஒரு நாள் பாத்தாப் போதும்” என்றார் அரசப்பன். “மறுநாள் விடியறப்ப தெருவே சொல்லும், அரசப்பனுக்குத் தோள் போச்சுன்னு. அப்பறம் எவன் வேலை குடுப்பான்?”

அவள் மறுபடி சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததற்குக் காரணம், அவர் சொன்னது முழுக்கச் சரி என்பதே.

இந்த நிலையில்தான் குமரப்பன் கடையின் இழைப்பு மிஷினைப் பற்றி அவர் கேள்விப்பட்டார். இரண்டு கையாலும் பிடித்துப் பலகைமேல் நகர்த்தினால் போதுமாம். தள்ளும் பாரம் மோட்டாருடையதாம். மற்றவர்களுக்கு அது வேகம். அரசப்பனுக்கு அது தோள். வேலை விரைவாக முடியவேண்டி வாங்குவதாகத் தெருவில் சொல்லிக்கொண்டார். அதை யாரும் சந்தேகிக்கவில்லை.

சித்திரை பிறந்த நான்காம் நாள் காலை அவர் கடைக்குப் போனபோது ஏற்கெனவே மூன்று ஆசாரிமார் அங்கே இருந்தார்கள். ஒருவர் அவருடைய அத்தை மகன் ஆசைத்தம்பி. மூன்று வீடு தள்ளிக் குடியிருப்பவர், எதற்கும் ஒரு கேலி வைத்திருப்பவர். தை மாதம் வந்த சரக்கில் முதல் உருப்படியை, துளைபோடும் மிஷின் ஒன்றை, வாங்கி மாலை போட்டுத் தெருவழியே சைக்கிளில் கொண்டுவந்தவர் அவர்தான். இப்போது ஆணிச்சாக்கின் மேல் உட்கார்ந்து உப்புத்தாள் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

குமரப்பன் மேசைமேல் இரண்டு இழைப்பு மிஷின்களை எடுத்துவைத்தார். பார்வைக்கு இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். ஒன்று மரப்பெட்டிக்குள் இருந்தது; அதனோடு மோட்டாருக்கு மாற்றுப் பட்டை, ஸ்பேனர், எண்ணெய்க் காகிதத்தில் சுற்றிய ஏதோ ஒன்று என்று சில்லறைச் சாமான்கள் தனித்தனிக் குழிகளில் அமர்ந்திருந்தன. இன்னொன்று அட்டைப்பெட்டியில் தனியாக வந்திருந்தது. முதலாவதன் நெற்றித் தகட்டில் 312 என்றும் இரண்டாவதில் 315 என்றும் பொறித்திருந்தது. சுவரில் நூல் கட்டித் தொங்கிய கேட்லாக்கில் அந்த எண்களைப் பற்றி இங்கிலீஷில் ஒரு பக்கம் நிறைய எழுதியிருந்தார்கள்.

அரசப்பன் இரண்டையும் தூக்கிப் பார்த்தார். அடியில் சுழலும் உருளையை விரலால் சுற்றினார். பிறகு, நிலையும் சன்னலும் அளக்கும் எந்த ஆசாரியும் ஓர் எண்ணைக் கண்டால் செய்வதை அவர் மனம் தானாகச் செய்தது. ஆயம் நல்லதா கெட்டதா என்று பார்க்க எட்டெட்டாகக் கழித்தது. முந்நூற்றுப் பன்னிரண்டை எட்டால் கழித்தால் மீதி நிற்காது. மீதி நில்லாதது காகம். காக ஆயத்தில் மாட்டுக்கொட்டில்கூட யாரும் கட்டமாட்டார்கள். முந்நூற்றுப் பதினைந்துக்கு மீதி மூன்று, அது சிங்கம், நல்ல ஆயம். பாதி முடிவு அங்கேயே ஆகிவிட்டது.

மீதிப் பாதியை முடித்தது அவருடைய தொழில் கர்வம். இழைப்புளியை எந்த ஆசாரியும் முழுதாக வாங்கியதில்லை. கட்டையைத் தன் கைக்குத் தக்கபடி தானே செதுக்கிக்கொள்வார். தகட்டை மட்டும் வாங்குவார், அல்லது கொல்லுப்பட்டறையில் அடித்துக்கொள்வார். எல்லாம் கூட்டி, பெட்டியும் போட்டுக் கொடுப்பது யாருக்கு? செய்யத் தெரியாதவனுக்கு.

“பொட்டியோட வாங்குறது மகளுக்குச் சீர் வைக்கிறவுக, மச்சான்” என்றார் ஆசைத்தம்பி சாக்கின் மேலிருந்தபடி. “ஒங்களுக்கு எதுக்கு?”

அரசப்பன் 315-இன் மேல் கையை வைத்தார். குமரப்பன் ஒரு கணம் தயங்கினார். “முந்நூத்திப் பதினஞ்சுங்கிறது…” என்று தொடங்கினார். கடையில் இருந்த நால்வரும் அவரை ஏறிட்டுப் பார்த்தார்கள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. செட்டியார் ஏதோ மரியாதைக் குறைவாகப் பேசப்போகிறார் என்ற சங்கடந்தான் இருந்தது. குமரப்பன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். “ஒங்களுக்குத் தெரியாததா, ஆசாரியாரே” என்றார்.

அந்த எண்களுக்குக் கம்பெனிக்காரர்கள் வைத்த கணக்கு வேறாக இருந்தது. முதலில் நின்ற மூன்று, மூன்று அங்குல அகலம் இழைக்கும் என்பதற்கு. நடுவில் நின்ற ஒன்று, வீட்டு மின்சாரத்தில் ஓடும் என்பதற்கு. கடைசி எண்தான் கூட வருவது என்ன என்று சொல்வது: இரண்டு என்றால் எடை பொருத்திய இரட்டைத் தகடு முதல் அனைத்தும் சேர்ந்த முழுத் தொகுதி, ஐந்து என்றால், முன்பே தகடுகளும் பிறவும் வைத்திருக்கும் பெரிய பட்டறைகளுக்காக விற்கும் வெறும் உடல். இவ்வளவுதான். கேட்டிருந்தால் ஒரு வெற்றிலை மெல்லும் நேரத்தில் குமரப்பன் சொல்லியிருப்பார்.

வீட்டில் மிஷினுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்துக் கற்பூரம் காட்டினார்கள். மறுநாள் விடியற்காலையில் அரசப்பன் அரியக்குடி சாலையில் கொல்லுப்பட்டறை வைத்திருந்த சித்தப்பா மகன் அழகுசுந்தரத்திடம் போனார். உருளையில் தகடு பொருந்த வேண்டிய இரண்டு பள்ளங்களையும் நூல் பிசகாமல் அளந்து ஓலையில் குறித்துக்கொண்டு போயிருந்தார். அழகுசுந்தரமும் தொழில் அறிந்தவன். லாரியின் வில்லுப்பட்டையில் நல்லதாகப் பார்த்து வெட்டி, இரண்டு தகடு அடித்து, எண்ணெயில் தோய்த்துப் பதம் ஏற்றிக் கொடுத்தான். அது என்ன வேகத்தில் சுற்றும் என்று அவன் கேட்கவில்லை. அவனும் ஆசாரிதான்.

தீட்டி முடித்தபோது முன்கை மயிர் தொட்டவுடன் உதிர்ந்தது. அப்படியொரு கூர்மை கடைச் சரக்குக்கு வராது என்று அரசப்பன் ராமுத்தாயிடம் சொல்லி, அவள் கொண்டுவந்த கேப்பைக் கூழை நின்றபடியே மாவடு கடித்துக் குடித்தார். பிறகு சுவிட்சைப் போட்டார்.

மிஷின் அதிர்ந்தது. காளை நுகத்தை உதறுவதுபோல அவர் கைப்பிடியிலிருந்து அது நழுவப் பார்த்தது. இறுக்கிப் பிடித்து ஒரு பலகையை ஓட்டி முடித்துத் தடவிப் பார்த்தார். வற்றிய ஊருணிச் சேற்றில் காற்று வரைந்து வைத்த கோடுகள்போலப் பலகை முழுக்க வரி வரியாக மேடும் பள்ளமும். தகட்டைக் கழற்றித் தீட்டினார். மாட்டினார். மறுபடி அதே வரி. இரண்டு தகடுகளும் அளவில் ஒன்று, கூர்மையில் ஒன்று. ஒன்றைவிட மற்றொன்று இரண்டு குன்றிமணி எடை கூட என்பதைக் கண் சொல்லாது, விரலும் சொல்லாது. மனிதன் தள்ளும் கருவியில் இரண்டு குன்றிமணிக்குப் பொருள் இல்லை. கண்ணிமைப்பதற்குள் நூறு தரம் சுழலும் உருளையில் அது சம்மட்டி.

அதன்பின் பத்து நாள் அவர் செய்த காரியம், அந்தத் தெருவில் எவரும் செய்திருக்கக்கூடிய காரியமே. தினமும் மாலை குமரப்பன் கடைக்குப் போனார். அரைக் கிலோ ஆணி வாங்கினார். மெதுவாக எடை போடச் சொன்னார். வெயிலைப் பற்றிப் பேசினார். குன்றக்குடி மலைக்குப் படியேறினால் மூச்சு வாங்குவதைப் பற்றிப் பேசினார். பம்பாயில் இப்போது எல்லாமே மிஷின்தானாமே என்று பொதுவாக ஒரு சொல்லை வீசி, செட்டியார் அதைப் பற்றிக்கொண்டு தானாக ஏதாவது சொல்வாரா என்று காத்திருந்தார். குமரப்பனுக்கும் சொல்ல ஆசை இல்லாமலில்லை. சொல்லும் நேரத்தில் யாராவது ஒருவர் கடையில் இருந்தார். பெரும்பாலும் ஆசைத்தம்பி, உப்புத்தாள் வாங்கிக்கொண்டு. “ஒங்களுக்குத் தெரியாததா” என்ற வார்த்தை வந்து விழும். அரசப்பன் ஆணிப் பொட்டலத்தோடு திரும்புவார்.

பதினோராம் நாள் கோடைமழை ஒரு பாட்டம் பெய்து, கரண்டு போய், கொட்டகை இருண்டு கிடந்த பொழுதில் ராமுத்தாய் மூலையில் குவிந்திருந்த பொட்டலங்களைக் காலால் தள்ளிக் காட்டினாள்.

“அஞ்சு கிலோ சேந்துபோச்சு. முளை வச்சுப் பூட்டுற பெஞ்சுக்கு ஒரு ஆணி அடிக்கிற ஆளா நீங்க?”

“கெடக்கட்டும். கெட்டா போகும்?”

“வாயத் தொறந்து கேட்டா என்னங்கிறேன்.”

“எவன் கேட்டிருக்கான், இதுவரைக்கும்?”

“கேக்காதவுக வீட்டுலயெல்லாம் மிஷினு ஓடிக்கிட்டுல்ல கெடக்கு” என்றாள் அவள். “ஆசைத்தம்பி அண்ணன் வீட்டு மிஷினு சத்தம் என்னைக்காச்சும் ஒங்க காதுல விழுந்துச்சா? எலி தள்ளாம இருக்க, அரிசிப் பானை மூடிக்கு மேல சரஸ்வதி மதினி ஒரு பாரம் வச்சிருக்காக. மஞ்சத் துணியச் சுத்தி. அது என்னன்னு நெனைக்கிறீக?”

அரசப்பனுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தபோது தோள் குலுங்கி வலித்தது. அடுத்த கணமே சிரிப்பு வற்றிப்போனது. பள்ளிக்கூடம் திறக்க ஒரு மாதந்தான் இருந்தது. கையாலேயே நாலு தள்ளு, கொஞ்சம் ஓய்வு, நாலு தள்ளு என்று இழைத்ததில் எட்டு பெஞ்சு ஆகியிருந்தது. அந்த எட்டுக்கே, இப்போது சோற்றைப் பிசைந்து வாய்க்குக் கொண்டுபோக இடது கை வேண்டியிருந்தது.

மறுநாள் காலை கரண்டு வந்ததும், தகட்டை இன்னும் ஒரு சுற்று இறுக்கிவிட்டு மிஷினை ஓட்டினார். ராமுத்தாய் எதிரே, கொட்டகையைத் தாங்கும் பனங்காலருகில் நின்று தரையில் கிடந்த மரச்சுருளைக் கூட்டிக்கொண்டிருந்தாள். விளக்குமாற்றில் சிக்கிய ஒரு சிராய்த் துண்டை எடுக்கக் குனிந்தாள். அவள் குனிந்தபோது மிஷினுக்குள் ஒரு சத்தம் கேட்டது. வெண்கலத் தாம்பாளத்தில் கல் விழுந்ததுபோன்ற சத்தம். பிறகு மோட்டார் மட்டும் ஓடியது.

அரசப்பன் சுவிட்சை அணைத்தார். உருளையில் ஒரு தகடு இருந்தது. மற்றொன்று இருந்த பள்ளம் வெறுமையாக இருந்தது.

ராமுத்தாய் நிமிர்ந்தாள். பனங்காலில் பாதி அமிழ்ந்திருந்த தகட்டை முதலில் பார்த்தவள் அவள்தான். கையால் பிடித்து இழுத்துப் பார்த்தாள், வரவில்லை. பிறகு, அவருக்கு விளங்க வேண்டும் என்பதற்காகவே செய்வதுபோல, பனங்காலில் முதுகை ஒட்டி நிமிர்ந்து நின்றாள். தகடு அவள் இடுப்புக்குச் சற்று மேலே, விலாவை ஒட்டி நீட்டிக்கொண்டிருந்தது.

 தெருவில் தண்ணீர் வண்டி ஒன்று போயிற்று.

“இது எம்வயித்துல ஏறியிருந்தா” என்றாள் அவள், குரலை உயர்த்தாமல், “அப்பவாச்சும் கேட்டிருப்பீகளா? இல்ல, அதுக்கும் ஆணிதான் வாங்கிட்டு வந்திருப்பீகளா?”

அரசப்பன் குறடை எடுத்துவந்து இடது கையால் தகட்டைப் பிடுங்கினார். ஒரு முனை உடைந்திருந்தது. அதை வேட்டித் தலைப்பில் முடிந்துகொண்டார். மிஷினை அதன் அட்டைப்பெட்டியில் வைக்காமல், அப்படியே எடுத்துச் சைக்கிளின் பின்னால் வைத்துக் கட்டினார். சந்தனப் பொட்டு அதன் நெற்றியில் காய்ந்து வெடித்திருந்தது. துணி போட்டு மூடிக்கொண்டு போகலாமே என்று ராமுத்தாய் ஒரு பழைய துண்டை நீட்டினாள். அவர் வாங்கவில்லை.

தெருவில் நாலைந்து வாசல்களில் வேலை நடந்துகொண்டிருந்தது. எல்லோரும் மிஷினைப் பார்த்தார்கள். எவரும் எங்கே என்று கேட்கவில்லை.

குமரப்பன் கடையில் அன்று நல்ல கூட்டம். கொத்தனார் ஒருவர் சுவர் பூசும் கொல்லறு பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு ஆசாரிமார் கதவுக் கீலைத் திருப்பித் திருப்பிச் சோதித்தார்கள். ஆசைத்தம்பி வழக்கமான சாக்கில், உப்புத்தாளோடு. அரசப்பன் மிஷினைத் தூக்கியபோது தோள் இடம் கொடாமல் ஒரு பக்கமாகச் சாய்ந்தார். சாய்ந்ததை எல்லோரும் கண்டார்கள். அவர் அதை மறைக்கவில்லை. மேசைமேல் மிஷினை வைத்து, தலைப்பை அவிழ்த்து உடைந்த தகட்டை அதன் பக்கத்தில் வைத்தார்.

“தகடு தெறிச்சு வந்துருச்சு, செட்டியாரே” என்றார். “பொம்பளை தப்பிச்சது குனிஞ்சதால. எனக்குத் தோளும் போச்சு, தையிலயே போச்சு. இது ஓடலைன்னா எனக்குத் தொழில் இல்ல.”

ஆசைத்தம்பியின் கையில் உப்புத்தாள் உரசும் ஓசை நின்றது. கீல் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் கீலைப் பார்த்தபடியே இருந்தார்கள், ஆனால் திருப்பவில்லை. குமரப்பன் தகட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். மிஷினின் நெற்றியைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்பது அவர் முகத்தில் தெரிந்தது. கடையைச் சுற்றி ஒருமுறை கண்ணோட்டினார். இத்தனை பேர் முன்னிலையில் ஒரு மனிதரின் மானம் கீழே விழுவதைப் பார்த்துக்கொண்டிருக்க அவருக்கு மனம் வரவில்லை. பழக்கப்பட்ட கையை நீட்டுவதுபோல அந்த வார்த்தையை நீட்டினார்.

“ஒங்களுக்குத் தெரியாததா, ஆசாரியாரே.”

“தெரியாது” என்றார் அரசப்பன்.

சாலையில் போனவர்களுக்கும் கேட்டிருக்கும். ஆசைத்தம்பி சாக்கிலிருந்து எழுந்தார். வெளியே போகப்போகிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவர் மேசையருகே வந்து, அரசப்பனின் இடது தோளை ஒட்டி நின்றுகொண்டார்.

அரசப்பன் நகத்தால் சந்தனத்தைச் சுரண்டி எடுத்தார். அடியிலிருந்த எண்கள் மூன்றும் பளிச்சென்று தெரிந்தன. முதல் எண்ணின் மேல் விரலை வைத்தார்.

“எனக்குத் தெரியாது. இந்த மூணு என்னது? இதுலேருந்து சொல்லிக்கிட்டு வாங்க.”